பிள்ளையை வீட்டில் படிக்க வைக்கப் போகிறீர்களா? முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

மதுரை செல்லூரில், வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டுத் தொழில் செய்கிறேன். கணவர் பஸ் பணிமனையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். மகளுக்கு இப்போது 14 வயது, மகனுக்கு 11. மகள் 2019 ஜூனில் மூன்றாம் வகுப்புக்குப் போனாள். இரண்டாவது வாரமே அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினோம். தினமும் காலை ஏழரை மணிக்கு அவளுக்கு வயிறு வலிக்கும். ஞாயிற்றுக்கிழமை வலிக்காது. டாக்டர் இரண்டு முறை பார்த்துவிட்டு வயிற்றில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார். ஒரு நாள் தலை வாரிப் பின்னிக்கொண்டிருந்தபோது, "அம்மா, வகுப்பில் எழுப்பிக் கேட்டால் எனக்குப் பேச்சே வருவதில்லை" என்றாள். அன்று சீருடையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன்.

என்னிடம் துணி தைக்க வரும் பெண்கள் இந்த ஆறு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: "அக்கா, வீட்டில் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறீர்கள்? நாங்களும் செய்யலாமா?" அவர்களிடம் அளவெடுக்கும்போதும் பொத்தான் தைக்கும்போதும் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். நான் பி.காம். படித்தவள். ஆசிரியப் பயிற்சி பெற்றதில்லை.

முதல் மாதம் நான் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள். சுவரில் கரும்பலகை மாட்டினேன். ஒன்பது மணி முதல் மூன்று மணி வரை எட்டுப் பாடவேளை என்று அட்டவணை எழுதி ஒட்டினேன். நடுவில் பத்து நிமிட இடைவேளை, வெள்ளிக்கிழமை தேர்வு. நான்காவது வாரம் வயிற்று வலி வீட்டுக்கே வந்துவிட்டது. அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிட்டு இரண்டு வாரம் ஒன்றுமே சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் என்ன செய்கிறாள் என்று மட்டும் பார்த்தேன். வெட்டிய துணித் துண்டுகளை நிறவாரியாகப் பிரித்து அடுக்கினாள். அவள் அப்பத்தாவோடு பல்லாங்குழி ஆடினாள். ஏழு ஏழாக இரண்டு வரிசை, பதினான்கு குழி; எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும் என்று விரலால் தொடாமலே கண்ணால் எண்ணினாள். பள்ளி அனுப்பிய அறிக்கையில் இந்தப் பிள்ளைக்குக் கணக்கு வராது என்று எழுதியிருந்தார்கள். அன்று மாலை முக்குக் கடையில் 200 பக்க நோட்டு ஒன்று வாங்கி வந்தேன்.

நான் சொல்ல வருவதில் பாதி அந்த நோட்டுதான்.

நோட்டில் என்ன எழுதுவது

ஒரு பிள்ளைக்கு ஒரு நோட்டு. இடப்பக்கம் தேதி போட்டு, அன்று என்ன செய்தோம் என்று இரண்டு வரி. வலப்பக்கம் பிள்ளை என்ன செய்தது: எங்கே நின்றது, எதைத் தப்பாகச் சொன்னது, என்ன கேட்டது, எதை விட்டு எழுந்திருக்க மறுத்தது. இரவு பாத்திரம் கழுவி முடித்ததும் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். 'நன்றாகப் படித்தாள்', 'கவனம் இல்லை' போன்ற தீர்ப்புகளை எழுதாதீர்கள். அவை பிறகு எதற்கும் உதவாது. பிள்ளை சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். போட்ட தப்புக் கணக்கை எண்களோடு எழுதுங்கள்.

ஏன் என்று ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். அந்த ஆகஸ்டில் மகளுக்குக் கழித்தல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். 502-இலிருந்து 178-ஐக் கழிக்கச் சொன்னால் 476 என்று எழுதுவாள். கடன் வாங்க வேண்டும் என்று மறுபடி மறுபடி சொன்னேன். தலையாட்டிவிட்டு அடுத்த கணக்கையும் தப்பாகப் போடுவாள். கவனக்குறைவு என்று நினைத்துக் குரலை உயர்த்தினேன். நான்காவது நாள் இரவு நோட்டில் நான்கு நாள் தப்புகளையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. பதினோரு தப்பும் ஒரே தப்பு. இரண்டிலிருந்து எட்டுப் போகாது என்றதும் எட்டிலிருந்து இரண்டைக் கழித்து ஆறு என்று எழுதுகிறாள். பூச்சியத்திலிருந்து ஏழு போகாது. ஏழிலிருந்து பூச்சியம் போனால் ஏழு. ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துக்கொண்டே போகிறாள். அவளுக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டு அதை ஒரு இடத்திலும் பிசகாமல் பின்பற்றியிருக்கிறாள். கவனம் அவளிடம் நிறையவே இருந்தது.

மறுநாள் பலகையைத் தொடவில்லை. கல்லாப் பெட்டியிலிருந்து ஐந்து நூறு ரூபாய்த் தாளும் இரண்டு ஒரு ரூபாய் நாணயமும் எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "178 ரூபாய்க்கு நூலும் கொக்கியும் வாங்குகிறாய். நான் கடைக்காரி. என்னிடம் சில்லறை இல்லை, சரியாகக் கொடு" என்றேன். கையிலிருக்கும் இரண்டு ரூபாயைப் பார்த்தாள். "எட்டு ரூபாய் இல்லையே அம்மா." என்ன செய்யலாம் என்றேன். "நூறை மாற்ற வேண்டும்." அப்பத்தாதான் வங்கி. நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்துப் பத்துப் பத்து ரூபாய்த் தாள் வாங்கினாள். அதில் ஒரு பத்தைக் கொடுத்துப் பத்து ஒரு ரூபாய் நாணயம் வாங்கினாள். இப்போது அவளிடம் நான்கு நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு ஒரு ரூபாய். 178-ஐ எண்ணி என் கையில் வைத்துவிட்டு மீதியை எண்ணினாள்: 324. "மொத்தம் குறையவே இல்லை, மாற்றத்தானே செய்தேன்" என்றாள். அந்த வரி இன்றும் நோட்டில் இருக்கிறது. கடன் வாங்குவது என்ற சொல்தான் அவளைக் குழப்பியிருக்கிறது. யாரிடமும் கடன் வாங்கவில்லை, சில்லறை மாற்றியிருக்கிறோம். அதன்பின் எங்கள் வீட்டில் கழித்தலுக்குப் பெயர் சில்லறை மாற்றுவது.

பிள்ளை ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்தால் அதற்குள் ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க நமக்கு நேரம் இருப்பதுதான் வீட்டில் படிக்க வைப்பதன் ஆகப் பெரிய லாபம். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கும் ஆசிரியரிடம் இதை எதிர்பார்ப்பது நியாயம் இல்லை.

எழுத்துக் கற்பிக்க

மகன் பள்ளிக்கே போகாமல் வீட்டில் எழுத்துக் கற்றவன். அவனுக்காக நான் செய்ததைச் சொல்கிறேன். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 247 என்று கட்டம் கட்டிய அட்டையை முதல் நாளே பிள்ளை முன் விரிக்காதீர்கள். ட, ப, ம என்று கோடுகள் எளிதாக விழும் எழுத்துகளில் தொடங்குங்கள். மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும் கிடைத்ததும் படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொல் வாசித்துவிடலாம். மூன்றாம் நாளே சொல்லை வாசிக்கும் பிள்ளையின் முகம் வேறாகிவிடும். அடுத்து க, ச, த, ர, ல என்று வாரத்துக்கு இரண்டு மூன்று எழுத்து. ஒவ்வொன்று வந்ததும் ஏற்கெனவே தெரிந்தவற்றோடு சேர்த்துப் புதுச் சொல் செய்யுங்கள். பிறகு கால், கொக்கி, கொம்பு. உகர, ஊகர வரிசையைக் கடைசிக்கு வையுங்கள். கு, சு, டு, து என்று அதில் குறி ஒரே மாதிரி வருவதில்லை. ஏறக்குறைய ஒவ்வொன்றையும் தனி எழுத்தாகவே பழக்க வேண்டும்.

கொம்பில்தான் பெரும்பாலான பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள். மகன் 'கொக்கு' என்பதை 'கெரக்கு' என்று வாசித்தான். வாரம் முழுவதும் 'கெரக்கு' என்றே வாசித்தான். நோட்டில் எழுதும்போது புரிந்தது. இடமிருந்து வலமாக வாசிக்கிறான். கொம்பும் ககரமும் சேர்ந்து 'கெ'. அடுத்து நிற்கும் கால் அவன் கண்ணுக்கு 'ர'. அவன் வாசித்தது சரிதான். எழுத்துதான் அவனுக்கு முன்னும் பின்னுமாக நிற்கிறது. வெள்ளை லைனிங் துணியில் பெரிய ககரம் ஒன்று வெட்டினேன். சிவப்புத் துணியில் கொம்பும் காலும் வெட்டினேன். பாயில் ககரத்தை வைத்து, சிவப்பு இரண்டையும் ஒரே நேரத்தில் இரண்டு கையாலும் இரண்டு பக்கமும் வைக்கச் சொன்னேன். "இரண்டு கையாலும் பிடித்துத் தூக்குகிறது" என்றான். அவ்வளவுதான். கொக்கு, பொட்டு, மொட்டு எல்லாம் அன்று மாலைக்குள் வந்துவிட்டன. துணி வெட்டத் தெரியாதவர்கள் சிவப்புப் பேனாவில் எழுதினாலும் போதும். குறி வேறு, எழுத்து வேறு என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும்; அதுதான் முக்கியம்.

ர-ற, ல-ள-ழ, ன-ண-ந குழப்பத்துக்கு இலக்கண விதி சொல்லி ஆறு வயதில் பயன் இல்லை. நீங்கள் வாய்விட்டு வாசிக்கும்போது ழகரத்தை ஒழுங்காக உச்சரியுங்கள். தினமும் இருபது நிமிடம் சத்தமாக வாசித்துக் காட்டுவதை எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். பிள்ளை தானே வாசிக்கத் தொடங்கிய பிறகும் விடாதீர்கள். மகளுக்குப் பன்னிரண்டு வயது வரை வாசித்துக் காட்டினேன்.

ஆங்கிலத்தைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. தமிழில் தடையில்லாமல் வாசிக்க வந்த பிறகு ஆங்கிலத்தைத் தொடங்கினோம். தினமும் அரை மணி நேரம், ஒரே கதைப் புத்தகம், வாரம் முழுவதும் அதே புத்தகம். திங்கட்கிழமை நான் வாசிப்பேன், சனிக்கிழமை அவர்கள் வாசிப்பார்கள். என் உச்சரிப்புச் சரியில்லாத சொற்களைப் போனில் அகராதியைப் போட்டு மூவரும் கேட்டுக்கொண்டோம். இதற்கு மேல் தந்திரம் எதுவும் எனக்குத் தெரியாது.

எத்தனை மணி நேரம்

ஆறு முதல் எட்டு வயதுக்கு ஒரு நாளில் ஒன்றரை மணி நேரம், அதையும் இரண்டாகப் பிரித்து. ஒன்பது முதல் பதினொன்று வரை இரண்டு, இரண்டரை. பன்னிரண்டுக்கு மேல் மூன்று, நான்கு. உட்கார்ந்து எழுதிப் படிக்கும் நேரத்தைச் சொல்கிறேன். பள்ளியில் ஆறு மணி நேரம் இருக்கிறார்களே என்று பயப்பட வேண்டாம். வரிசையில் நிற்பது, வருகைப் பதிவு, அடுத்த பிள்ளை எழுதி முடிக்கும்வரை காத்திருப்பது எல்லாம் சேர்ந்துதான் அந்த ஆறு. ஒரே ஒரு பிள்ளையோடு அரை மணி நேரம் முகம் பார்த்து உட்கார்ந்தால் அதில் நிறைய நடக்கும்.

நேரத்தின் அளவைவிட அது மாறாமல் இருப்பது முக்கியம். எங்கள் வீட்டில் ஏழரை முதல் ஒன்பதரை வரை பாடம். பத்து மணிக்குத் துணி கொடுக்க ஆள் வரத் தொடங்கிவிடுவார்கள், அதற்குப் பிறகு நான் தையல்காரி. பிள்ளைகளுக்கும் அது தெரியும். தீபாவளிக்கு முந்தின மாதம் எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அந்த மாதம் வாசிப்பும் கணக்கும் மட்டும், மற்றவை கார்த்திகையில். வீட்டுத் தொழிலோடு இதைச் செய்கிறவர்கள் அப்படி ஒரு மாதத்தை முன்கூட்டியே விட்டுவையுங்கள். இல்லாவிட்டால் கோபம் பிள்ளைமேல் இறங்கும்.

பாடப் புத்தகத்துக்கு அலைய வேண்டியதில்லை. தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் எல்லா வகுப்புப் புத்தகங்களையும் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. அச்சுப் புத்தகமும் விலை குறைவுதான். 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும் எங்களுக்குக் கைகொடுத்தன. ஆனால் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஓட்டாதீர்கள். ஆண்டுத் தொடக்கத்தில் பொருளடக்கத்தை மட்டும் நோட்டின் பின்னட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு எது வந்துவிட்டதோ அதில் ஒரு கோடு போடுங்கள். புத்தகம் வழியாக வந்ததா, கடை வழியாக வந்ததா என்பது பொருட்டல்ல.

எங்கள் வீட்டில் பின்னம் இன்ச் டேப் வழியாக வந்தது. ஜாக்கெட் வெட்ட மார்பு அளவை நான்கால் வகுக்க வேண்டும். 34 என்றால் எட்டரை, 35 என்றால் எட்டே முக்கால். ஒரு நாள் ஒரு வாடிக்கையாளருக்கு 34½ வந்தது. மகளிடம் டேப்பைக் கொடுத்தேன். டேப்பை இரண்டாக மடித்து, மறுபடி மடித்து, விரலை வைத்துப் பார்த்தாள். எட்டரையைத் தாண்டி ஒரு சிறு கோடு. ஓர் இன்ச்சுக்குள் எட்டுக் கோடு இருக்கிறது. ஆசாரிகளும் கொத்தனார்களும் அதை நூல் என்பார்கள். "எட்டு இன்ச் ஐந்து நூல்" என்றாள். உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மாமியார், "எட்டரையே அரைக்கால்" என்றார். கால் என்றால் நான்கில் ஒன்று, அதில் பாதி அரைக்கால், அதிலும் பாதி மாகாணி. அத்தை ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். அன்று முதல் பின்ன வாத்தியார் அவர்தான். உங்கள் வீட்டில் தையல் இல்லாவிட்டால் மளிகைக் கடை இருக்கும், வயல் இருக்கும், ஆட்டோ மீட்டர் இருக்கும். எந்தத் தொழிலிலும் ஐந்தாம் வகுப்புக் கணக்கு அத்தனையும் இருக்கிறது.

வெளியே கூட்டிப் போங்கள்

வாரம் ஒரு நாள் வீட்டில் பாடம் கிடையாது. நாங்கள் புறப்படுமுன் ஒரே ஒரு கேள்வி வைத்துக்கொள்வோம். போன இடத்தில் ஒரே ஒரு பொருளை உட்கார்ந்து வரைய வேண்டும். திரும்பும் வழியில் அதைப் பற்றிப் பேச்சு. பத்து இடம் சுற்றிப் பத்துப் பலகையை வாசிப்பதைவிட இது நிற்கிறது.

2023 மார்ச்சில் கீழடி அருங்காட்சியகம் திறந்த சில வாரங்களிலேயே போனோம். மதுரையிலிருந்து தென்கிழக்கே ஏறக்குறைய 12 கிலோமீட்டர். டவுன் பஸ் தூரம். அன்றைய கேள்வி: அந்தக் காலத்துப் பிள்ளைகள் என்ன விளையாடினார்கள்? மகன் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றுகொண்டு நகரவே இல்லை. உள்ளே சுடுமண்ணில் வட்ட வட்டமாகச் சில்லுகள். எங்கள் தெருவில் பாண்டி ஆட உடைந்த ஓட்டைத் தரையில் தேய்த்துச் சில்லு செய்வார்கள். அதே அளவு, அதே தேய்ந்த ஓரம். சட்டைப்பையில் கைவிட்டுத் தன் சில்லை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தான். மகள் பானை ஓட்டுக் கீறல்களை வரைந்தாள். ஆதன் என்றும் குவிரன் என்றும் தமிழ்ப் பிராமி எழுத்தில் பெயர் கீறிய ஓடுகள். வீட்டுக்கு வந்து தன் பெயரைத் தமிழ்ப் பிராமியில் எழுதக் கற்றாள். தண்ணீர்க் குடத்தில் சாக்பீஸால் எழுதினாள். அதிலிருந்து கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போனோம். பேச்சிப்பள்ளத்தில் பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், அடியில் வட்டெழுத்து. தமிழுக்கு எத்தனை எழுத்துருவம் என்று கேள்வி வளர்ந்தது. அத்தையின் பெட்டியில் இருந்த பழைய கடிதத்தில் லை, னை எல்லாம் தும்பிக்கை வைத்து எழுதியிருப்பதைக் கண்டுபிடித்தவள் மகள். 1978-இல் தமிழக அரசு எழுத்தைச் சீர்திருத்தியது என்று அன்று சொல்லிக் கொடுத்தேன். ஒரு வட்டச் சில்லில் தொடங்கி இரண்டு மாதம் ஓடியது. எந்தப் பாடத்திட்டத்திலும் இதை நான் இப்படி வகுத்திருக்க முடியாது. நோட்டில் அவர்கள் கேட்ட கேள்விகளை எழுதி வைத்ததால் அடுத்து எங்கே போவது என்று எனக்குத் தெரிந்தது.

கிளை நூலகத்தில் பிள்ளைகள் பெயரில் உறுப்பினராகிவிடுங்கள். 2023 ஜூலையில் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்த பிறகு எங்களுக்கு அது இரண்டாவது வீடு. குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்தும் துளிர் இதழை வாங்குங்கள்.

துணை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அதில் பிந்திவிட்டேன். முதல் ஆண்டு மகள் பெரும்பாலும் பெரியவர்களோடுதான் இருந்தாள். அது தவறு. மாலை நான்கரைக்குத் தெருப் பிள்ளைகள் பள்ளி விட்டு வரும்போது உங்கள் பிள்ளை வாசலில் இருக்க வேண்டும். தினமும். வாரம் மூன்று நாள் சிலம்பம், அல்லது பாட்டு, அல்லது பந்து. வீட்டார் இல்லாத ஓரிடத்தில், இன்னொருவர் சொல்வதைக் கேட்டு, தோற்றுத் திரும்பிவரும் பழக்கம் வேண்டும். அதை அம்மாவால் கொடுக்க முடியாது.

சட்டமும் சான்றிதழும்

2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. அதில் வீட்டுக்கல்வி என்ற சொல்லே இல்லை. பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 10-ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதுவும் அந்தச் சட்டத்தில் இல்லை. இதைத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும். பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க ஆசிரியர்கள் வீடு தேடி வருவார்கள். எங்கள் வீட்டுக்கு இரண்டு முறை வந்தார்கள். ஒளிக்காதீர்கள், சண்டையும் போடாதீர்கள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து நோட்டுகளைக் காட்டினேன். ஓர் ஆசிரியை அரை மணி நேரம் புரட்டிப் பார்த்துவிட்டு மகனை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். வேலைக்கு அனுப்பப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிப்பதற்காக அவர்கள் வெயிலில் அலைகிறார்கள். அவர்கள் கேட்பது சரியான கேள்வி.

பிறப்புச் சான்றிதழ், ஆதார், முன்பு படித்த பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பிள்ளை சிறியதாக இருக்கும்போதே திருத்திவிடுங்கள்.

தேர்வுக்கு வழி இருக்கிறது. தமிழக அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தேர்வைப் பன்னிரண்டரை வயது நிறைந்தவர்கள் தனித்தேர்வராக எழுதலாம். மகளுக்கு நாங்கள் தேர்ந்தெடுத்தது மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி, அதாவது என்.ஐ.ஓ.எஸ். பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். ஐந்து பாடம் தேறினால் சான்றிதழ். அதில் ஒன்றோ இரண்டோ மொழிப்பாடம். மகள் எடுத்தவை தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், மனையியல். ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல்-மே மாதங்களிலும் அக்டோபர்-நவம்பரிலும் பொதுத்தேர்வு. ஒருமுறை பதிந்தால் ஐந்து ஆண்டு செல்லும். அதற்குள் ஒன்பது வாய்ப்பு. ஐந்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. பயந்த பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல். மகள் முதலில் தமிழும் மனையியலும் மட்டும் எழுதப் போகிறாள். வீட்டில் எழுதி அனுப்பும் ஒப்படைப்புக்கும் 20 சதவீத மதிப்பு உண்டு. அதை அலட்சியம் செய்து மதிப்பெண்ணை இழக்காதீர்கள். விண்ணப்பத்தை அதிகாரப்பூர்வ இணையதளத்தில் நீங்களே போடுங்கள். தேர்ச்சி உறுதி என்று சொல்லிப் பணம் கேட்கும் இடைத்தரகர் யாராக இருந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். மேற்படிப்பு மனத்தில் இருந்தால் அதற்கு எந்தப் பாடங்கள் கட்டாயம் என்று முன்கூட்டியே விசாரித்துப் பாடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

திரும்பிப் போக விரும்பினால்

போன ஏப்ரலில் மகன், "அம்மா, நான் பள்ளிக்கூடம் போகட்டுமா?" என்று கேட்டான். அவன் சிலம்ப நண்பர்கள் நால்வர் ஒரே அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குப் போகிறார்கள். எனக்கு மனம் கனத்தது. ஆனால் இந்த ஏற்பாடு பிள்ளைக்காகத்தான்; நோட்டின் வலப்பக்கத்தில் மூன்று மாதமாக அதைத்தான் எழுதியிருந்தேன்: 'நான்கு பேரும் என்ன பாடம் படிக்கிறார்கள் என்று கேட்டான்', 'மதிய உணவில் முட்டை உண்டா என்று கேட்டான்'. பள்ளியில் சேராத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கவும், பின்தங்கியிருந்தால் தனிப் பயிற்சி கொடுக்கவும் கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு வழி செய்கிறது. பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு ஜூனில் போனோம். தலைமையாசிரியர் ஒரு பத்தி வாசிக்கச் சொன்னார், இரண்டு கணக்குக் கொடுத்தார், சேர்த்துக்கொண்டார்.

வாசிப்பிலும் கணக்கிலும் அவனுக்குச் சிரமம் இல்லை. நேரத்துக்குள் எழுதி முடிப்பதில்தான் சிரமம். முதல் தேர்வில் ஐந்து கேள்வியில் மூன்றை அழகாக எழுதிவிட்டு, மணி அடித்ததும் திகைத்து நின்றான். வீட்டில் நான் கடிகாரம் வைத்து எழுத வைத்ததே இல்லை. மகளின் பழைய வயிற்று வலிக்குப் பயந்து அதைத் தவிர்த்துவந்தேன். நீங்கள் ஒன்பது வயதிலிருந்தே வாரம் ஒரு முறை, மதிப்பெண் போடாமல், இருபது நிமிடக் கட்டுரை ஒன்று எழுத வையுங்கள். மணி அடித்ததும் பேனாவை வைத்துவிட வேண்டும். அவ்வளவு போதும்.

இப்போது மாலை ஆறு மணிக்கு மகனும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து எழுதுகிறார்கள். அவள் அக்டோபர் தேர்வுக்கு, அவன் காலாண்டுக்கு. அப்பத்தா கையில் கடிகாரம். நேற்று மகன் ஐந்தில் நான்கு எழுதினான். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.